பொருளியல் சிந்தனை வரலாறு: சேலத்து மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். விலை, கூலி, வரி, வாடகை இதையெல்லாம் பற்றி முன்னால் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படி நினைத்தார்கள் என்பதுதான் பேச்சு. கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். லீ பஜாரில் மண்டி வைத்திருப்பவர், ஏற்காட்டில் காபித் தோட்டம் உள்ளவர், ஜவ்வரிசி ஆலைக்காரர், கொலுசு வேலை செய்யும் அக்கா ஒருவர் என்று கலவையான கூட்டம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வாராவாரம் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, ஆகவே எழுதி வைக்கிறேன்.

பொருளாதார வரலாறும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. 1877-ல் சேலத்தில் தானிய விலை ஏறியது பொருளாதார வரலாறு. ஏறியதற்கு வானம் காரணமா வியாபாரி காரணமா, அரசாங்கம் தலையிடலாமா கூடாதா என்று அன்றைக்கு அதிகாரிகள் மண்டையை உடைத்துக்கொண்டது சிந்தனை வரலாறு. நினைப்பு தப்பாகப் போனாலும் உயிர் போகும். அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாம் ஆடம் ஸ்மித்தில்தானே ஆரம்பம்?

பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அரிஸ்டாட்டிலே ஒரு செருப்பை எடுத்துக்காட்டி, இதைக் காலில் போடலாம், இன்னொன்றுக்கு மாற்றவும் செய்யலாம், இரண்டும் வேறு வேறு பயன் என்று பிரித்துச் சொல்லிவிட்டார். 14-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் இப்னு கல்தூன், ஒரு அரசு இளமையில் குறைந்த வரி போட்டு நிறைய வசூலிக்கும், முதுமையில் நிறைய வரி போட்டுக் குறைவாக வசூலிக்கும் என்று எழுதினார். 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான தாமஸ் மன், இந்தியாவுக்கு வெள்ளி ஏற்றுமதி செய்வது நாட்டை ஓட்டாண்டி ஆக்காது என்று வாதாடியது, சொந்த வியாபாரத்தைக் காப்பாற்றத்தான். பிரெஞ்சு அரண்மனை வைத்தியர் கெனே, 1758-ல் நாட்டின் வருமானம் சுற்றி வருவதைக் கோடு போட்டுக் காட்டினார். ரத்த ஓட்டம் தெரிந்தவர் என்பதால் அந்தப் படம் மனதில் வந்திருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அது பிடித்திருக்கிறது.

சரி, ஸ்மித்துக்கு வருவோம். 1776-ல் வந்த அவருடைய ‘நாடுகளின் செல்வம்’ புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே குண்டூசிப் பட்டறை வந்துவிடுகிறது. ஒருவரே முழு ஊசியும் செய்தால் நாளைக்கு இருபது தேறாது. வேலையைப் பதினெட்டு கையாகப் பிரித்தால் பத்துப் பேர் சேர்ந்து 48,000 ஊசி செய்கிறார்கள். இதை முதல் முறை படித்தபோது எனக்குக் குண்டூசி மனதில் நிற்கவில்லை, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுதான் நின்றது. வெள்ளி உருக்குவது ஒரு இடம், கம்பி இழுப்பது ஒரு இடம், வளையம் பின்னுவது ஒரு வீடு, பற்றவைப்பது அடுத்த வீடு, சலங்கை கோப்பது இன்னொரு வீடு, மெருகு போடுவது வேறொரு பட்டறை. ஸ்மித்தின் ஊசி ஒரே கூரைக்கடியில் முடிந்துவிடும். நம் கொலுசு தெருத்தெருவாக நடந்துதான் கொலுசாகிறது.

அதே ஸ்மித், அதே புத்தகத்தின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுக்க ஓரிரண்டு வேலையையே செய்துகொண்டிருப்பவன் மூளை மழுங்கிப்போவான், ஆகவே அரசு அவனுக்குப் படிப்பு கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

திருக்குறளிலேயே எல்லாம் இருக்கிறதே, வெள்ளைக்காரனை ஏன் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்’ என்று ஒரு அரசின் பொருள் வேலையை நாலு சொல்லில் அடக்கியது குறள். இன்றைய பட்ஜெட் உரைக்கு அந்த நாலும் தலைப்பாகப் பொருந்தும். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பாடியது. ஒரு மா (பழைய சிறு நில அளவு) கூட இல்லாத வயலாக இருந்தாலும், நெல்லை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயல் இருந்தாலும் யானையைத் தானே மேயவிட்டால், வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்கும் முறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. யானை இறங்கிய வயலைப் பார்த்த கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு உரையே வேண்டாம்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இவை அரசனுக்குச் சொன்ன புத்தி. நெல்லுக்கு ஏன் இந்த விலை, கூலி ஏன் இவ்வளவுதான், வாடகை எங்கிருந்து முளைக்கிறது என்ற விசாரணை அல்ல. அர்த்தசாஸ்திரமும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. குறளை வைத்து, வாடகையை விசாரித்த இங்கிலாந்துப் பொருளியலாளர் ரிக்கார்டோவை மடக்கப் பார்த்தால் இருவருக்கும் அவமரியாதை.

சேலத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தை எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். வரி வசூலைப் பார்க்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் தாமஸ் மன்றோவும் ஒருவர், தருமபுரியில் இருந்தார். (தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம்தான்.) மூவரும் நால்வருமாக ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, யார் உழுகிறார் என்று கேட்டு, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையைப் பழகிப் பார்த்தார்கள். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது உருவானது நம் பக்கத்து வரப்பில்தான்.

இதற்குள் வங்காளத்தில் 1793-ல் காரன்வாலிஸ் ஜமீன்தார்களோடு நிரந்தரத் தீர்வை போட்டுவிட்டார். அதே அச்சில் இங்கேயும் வார்க்கச் சொல்லி உத்தரவு. 1802-ஐ ஒட்டி சேலம் சீமை மிட்டா மிட்டாவாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாக, துண்டுபோடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. எடுத்த மிட்டாதாரர்களில் பலர் சில வருஷங்களிலேயே கிஸ்தி கட்ட முடியாமல் கைவிட்டார்கள். மிட்டாக்கள் கம்பெனிக்கே திரும்பி வந்தன, கூடவே ரயத்துவாரியும் வந்தது. மன்றோ 1807-ல் தீர்வையைக் கால் பங்கு குறைக்கச் சொல்லி எழுதினார். வரி குறைந்தால் சாகுபடி கூடும், வருமானம் தானே ஏறும் என்பது அவர் கணக்கு. பிசிராந்தையாரின் யானை, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இல்லையா? 1820-ல் அவரே சென்னை மாகாண கவர்னர் ஆனார்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். நிலத்தின் வாடகை எப்படிப் பிறக்கிறது என்று டேவிட் ரிக்கார்டோ விரிவாக எழுதிய புத்தகம் 1817-ல்தான் வந்தது. அதை எழுதச் சொல்லி அவரை விடாமல் நச்சரித்தவர் ஜேம்ஸ் மில். அந்த மில் 1819-ல் லண்டனில் கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ‘வாடகை யாருடைய உழைப்பிலும் வந்ததல்ல, ஆகவே அதை அரசு வரியாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை’ என்ற வாதத்தை இந்திய நிலவரிக்குப் போர்த்தினார். அதாவது, தருமபுரிக் களத்தில் வசூல் நடந்து கால் நூற்றாண்டு கழித்து, லண்டனில் அதற்கு ஒரு கோட்பாடு தைக்கப்பட்டது. சட்டை முன்னால், அளவு பின்னால்.

அந்த அளவை வைத்து வெட்டப் போனவர்களும் உண்டு. கம்பெனி தன் இளம் அதிகாரிகளைப் பழக்க ஹெய்லிபரியில் ஒரு கல்லூரி வைத்திருந்தது. அங்கே 1805 முதல் பொருளியல் நடத்தியவர் மக்கள்தொகைப் புகழ் மால்தஸ். அவரிடம் படித்த பிரிங்கில் என்பவர் பூனா பக்கம் போய், ஒவ்வொரு வகை நிலத்துக்கும் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று கணக்கெடுத்து, அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் வரி என்று ஏட்டுப்படி போட்டார். கணக்கு சுத்தம், மண் ஒத்துழைக்கவில்லை. குடியானவர்கள் ஊரை விட்டே போனார்கள், திட்டம் குப்புற விழுந்தது.

கோட்பாடு எல்லாம் முதலில் யாரோ ஒருவரின் தலைவலிக்கு மருந்தாகத்தான் வந்திருக்கிறது. யார் தலைவலி, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்காமல் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் பூனாவில் நடந்ததுதான் நடக்கும். எங்கள் மாடியில் எந்தப் பெயரைச் சொன்னாலும் முதலில் இந்த மூன்றையும் கேட்கிற பழக்கம் அதனால் வந்தது.

ரிக்கார்டோவின் வாடகைக் கோட்பாட்டைச் சுலபமாகச் சொல்ல முடியுமா?

புதிய பஸ் ஸ்டாண்டில் டீ குடியுங்கள். வெளியில் தெருமுனைக் கடையைவிட விலை கூட. ஏன் என்று கேட்டால் கடைக்காரர், ‘கடை வாடகை அப்படி சார்’ என்பார். ரிக்கார்டோ தலைகீழாகச் சொல்வார்: அங்கே கூட்டம் அலைமோதுகிறது, அந்த விலைக்கு டீ விற்கிறது, அதனால்தான் அந்த வாடகை. வாடகை விலையை ஏற்றவில்லை, விலைதான் வாடகையை ஏற்றுகிறது.

அவர் பேசியது கோதுமை வயலைப் பற்றி. ஏற்காட்டு மலையில் வைத்துப் பாருங்கள். முதலில் நல்ல மண்ணும் நிழலும் உள்ள சரிவில் காபி வைப்பார்கள். விலை ஏறினால் கல்லும் பாறையுமான சரிவிலும் வைக்கக் கட்டுப்படியாகும். அந்தக் கடைசிச் சரிவில் செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போகும். நல்ல சரிவுக்காரருக்கோ அதே விலையில் கையில் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் வாடகை. எங்கள் தோட்டக்காரர் இதைக் கேட்டுவிட்டு, ‘அந்தக் கடைசிச் சரிவு என்னுதுதான்’ என்றார். சேர்வராயன் மலைக்குக் காபி வந்ததும் ஒரு சேலம் கலெக்டரால்தான். 1820-களில் காக்பர்ன் கொண்டுவந்து வைத்தார்.

சந்தையில் தலையிடாதே என்று ஸ்மித் சொன்னதால்தான் தாது வருஷப் பஞ்சத்தில் அத்தனை பேர் செத்தார்களா?

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. ரயில் பாதை இருந்தது, தானியமும் நகர்ந்தது. வாங்கத்தான் கையில் காசில்லை. சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு ஆரம்பத்தில் அரசு செலவில் தானியம் வாங்கினார். வைஸ்ராய் லிட்டன் தரப்பு, தனியார் வியாபாரத்தில் கை வைக்காதே என்று அதைக் கண்டித்தது. நிவாரணச் செலவைச் சுருக்க ரிச்சர்டு டெம்பிளை அனுப்பினார்கள். வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் அவர். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற உடம்புக்கு இது பற்றாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்துச் சண்டை போட்டார்.

தலையிடாமைக்குச் சாட்சியாக ஸ்மித் பெயர் இழுக்கப்பட்டது வாஸ்தவம். தானிய வியாபாரத்தில் அரசு முரட்டுத்தனமாகக் கை வைத்தால் தட்டுப்பாடு பஞ்சமாகிவிடும் என்று அவர் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் அவர் காட்டும் உதாரணம் எது தெரியுமா? வங்காளம். சில வருஷங்களுக்கு முன் அங்கே வந்த தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்கியதில் கம்பெனி ஊழியர்கள் அரிசி வியாபாரத்தில் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பங்கு உண்டு என்கிறார். கம்பெனியைத் திட்டிய பத்தி, நூறு வருஷம் கழித்து அதே ஆட்சிக்குக் கேடயமாகிவிட்டது. யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

தானியம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதை வாங்கும் தகுதி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அமர்த்தியா சென் 1981-ல் கோட்பாடாகவே எழுதினார். அவர் சிறுவயதில் பார்த்தது 1943 வங்காளப் பஞ்சம்.

தண்ணீர் மலிவு, வைரம் விலை. இந்தப் புதிரை யார் அவிழ்த்தது?

ஸ்மித் எடுத்து வைத்துவிட்டுப் போனார். அவிழ்த்தது 1871-ல் இங்கிலாந்தின் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவின் மெங்கர், 1874-ல் பிரான்சில் பிறந்து சுவிட்சர்லாந்தில் பாடம் நடத்திய வால்ரஸ். ஒருவரை ஒருவர் கேட்காமல் மூவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் விளக்கம் தட்டுவடை செட், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் பீட்ரூட் துருவலும் வைத்த சேலத்துப் பலகாரம். நல்ல பசி. முதல் செட்டை அந்தக் கார சட்னியோடு வாயில் போட்டதும் சொர்க்கம். இரண்டாவதும் பரவாயில்லை. நாலாவதில் பீட்ரூட் திகட்டும். ஆறாவதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். தட்டுவடையின் மொத்த அருமையைப் பார்த்து யாரும் காசு கொடுப்பதில்லை, அடுத்த ஒரு செட் நமக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். தண்ணீரும் அப்படித்தான், குழாயில் நிறைய வரும்வரை அடுத்த குடத்துக்கு மதிப்பில்லை. குழாய் நின்று லாரி வந்த கோடைகளைச் சேலத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

மார்க்ஸ் எங்கே?

தனியாக நாலு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறோம், இங்கே அடக்க முடியாது. ஒரு துணுக்கு மட்டும்: 1853-ல் லண்டனில் உட்கார்ந்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதும்போது, ஜமீன்தாரி, ரயத்துவாரி இரண்டையும் சேர்த்தே வைது தள்ளுகிறார்.

இந்தியர்கள் யாரும் பங்களிக்கவில்லையா?

தாதாபாய் நவ்ரோஜி, இந்தியாவின் செல்வம் வருஷா வருஷம் இங்கிலாந்துக்கு வடிகிறது என்று கணக்குப் போட்டார், 1901-ல் அது புத்தகமாக வந்தது. ரானடே 1892-ல் பூனாவில் பேசும்போது, இங்கிலாந்துக்குத் தைத்த பொருளியல் விதிகள் இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்றார். இங்கிலாந்துப் பொருளியலாளர் கெய்ன்ஸ் இந்தியாவுக்கு வராமலே, லண்டன் இந்தியா அலுவலகத்தில் கொஞ்ச காலம் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, 1913-ல் இந்திய நாணயத்தைப் பற்றித் தன் முதல் புத்தகத்தை எழுதினார். (அந்த அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று, பத்து காளைகளைப் பம்பாய்க்குக் கப்பலேற்றுவது.) அவர் மெச்சிய நாணய முறையை 1923-ல் அம்பேத்கர் எதிர்த்து எழுதினார். ஆள்பவர் கையில் ரூபாயை விட்டுவைத்தால் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள், அடி ஏழைக்கு விழும் என்பது அவர் பயம். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கிராமத் தொழிலை வைத்து வேறொரு பொருளியலையே கட்டப் பார்த்தார். எங்களில் பாதிப் பேருக்கு அவர் தெய்வம், மீதிப் பேருக்குக் கனவு கண்டவர்.

சேலத்தில் பிறந்த பொருளாதார யோசனை ஏதாவது உண்டா?

யோசனை பிறந்ததோ இல்லையோ, அதன் பிரசவ வலி இங்கேதான். ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் மாதிரி) 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவில் ஓட்டை. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் எல்லாச் சரக்குக்குமான விற்பனை வரி முதலில் வந்தது சென்னை மாகாணத்தில்தான். எங்கள் மண்டிக்காரர் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கள்ளுக்கடையை நினைத்துக்கொள்கிறாராம்.

ஜவ்வரிசி ஆலைக்கு எந்தப் பொருளியலாளர் பொருந்துவார்?

இருவர். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரவு நின்றபோதுதான் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் தொழில் வேர்பிடித்தது. இளம் தொழிலுக்கு முதலில் அந்நியப் போட்டியிலிருந்து நிழல் வேண்டும் என்று 1841-லேயே வாதாடியவர் ஜெர்மானியர் லிஸ்ட். இங்கே நிழல் கொடுத்தது போர். இன்னொருவர் இங்கிலாந்துப் பொருளியலாளர் பிகூ, 1920. தொழில் செய்கிறவர் கணக்கில் வராமல் பக்கத்துக்காரர் தலையில் விழும் செலவைப் பற்றி எழுதினார். ஆலைக் கழிவுநீர் வாடை வரும் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஆலைக்காரர் அன்றைக்கு மட்டும் டீ குடிக்காமல் கிளம்பிவிட்டார், அடுத்த வாரம் வந்தார்.

கணக்கு வராது, வரலாமா? போட்டித் தேர்வுக்கு உதவுமா?

தாராளமாக வரலாம். தேர்வுக்கு ஓரளவு உதவும். ஆனால் ஆளையும் ஆண்டையும் பொருத்துகிற பயிற்சி மட்டும் வேண்டுமென்றால் வழிகாட்டிப் புத்தகமே போதும். நான் படித்த கல்லூரியில் அப்படித்தான் நடத்தினார்கள். எனக்கு இந்தப் பாடம் பிடிக்கவே பத்து வருஷம் ஆனது.

பெண்கள் பெயரே வரவில்லையே?

கொலுசு வேலை செய்யும் அக்கா கேட்டது இது. ஹாரியட் மார்ட்டினோ 1830-களில் பொருளியலைக் கதைகளாக எழுதி நன்றாக விற்றார். மார்க்சியர் ரோசா லக்சம்பர்க், கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் இருவரையும் ஒதுக்கிவிட்டு இருபதாம் நூற்றாண்டைப் பேச முடியாது. பொருளியல் நோபல் 1969 முதல் கொடுக்கப்படுகிறது. முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம், 2009. ஏரி, காடு மாதிரிப் பொதுச் சொத்தை அரசும் தனியாரும் இல்லாமல் ஊராரே விதி வைத்துக் காக்க முடியும் என்று காட்டியவர்.

அக்கா அதோடு விடவில்லை. ‘சார், நான் வீட்டில் உட்கார்ந்து சலங்கை கோக்கிறேன், எடைக்குக் கூலி வருது. நடுவில் எழுந்து சோறு வடிக்கிறேன், அதுக்கு ஒண்ணும் வர்றதில்லை. நாட்டு வருமானக் கணக்கில் எது சேரும்?’

சலங்கை சேரும், சோறு சேராது என்றேன். பிகூவே இதைக் கவனித்திருக்கிறார்: சம்பளத்துக்கு வைத்த சமையல்காரியை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால், அதே சமையல் நடந்தும் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ‘தெரிஞ்சும் நூறு வருஷமா அப்படியேவா வெச்சிருக்காங்க?’ என்றார். அடுத்த ஞாயிறு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறோம். சரியாக ஐந்தரை மணி, டீ செலவு மட்டும் பங்கு.